‘ஸ்பேஸ் கிராண்ட் கன்சார்ட்டியம்’: ‘விண்வெளி நல்கைக் குழாம்’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் நாசாவின் பணத்தில் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ‘ஸ்பேஸ் கிராண்ட் கன்சார்ட்டியம்’ என்ற அமைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, இந்த இழையில் இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: விண்வெளி மானியக் கூட்டமைப்பு, விண்கொடை ஒன்றியம், விண்வெளிப் பல்கலைக்கழகக் கூட்டணி, விண்ணாய்வுப் பல்கலைக் குழுமம். நான்குமே பார்த்ததும் புரிகிற சொற்கள்தான். ஆனால் அந்த அமைப்பு எப்படி நடக்கிறது என்பதோடு பொருத்திப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏதோ ஓரிடத்தில் இடறுகிறது. அதனால் ஐந்தாவதாக ‘விண்வெளி நல்கைக் குழாம்’ என்பதை முன்வைக்கிறேன்.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடலாம். அமெரிக்க நாடாளுமன்றம் 1987இல் நிறைவேற்றிய நாசா சட்டத்தில் இத்திட்டம் பிறந்தது. 1989இல் முதல் தொகுதி அமைப்புகள் வேலையைத் தொடங்கின. இன்று 52 இருக்கின்றன: 50 மாநிலங்களுக்கும் ஒவ்வொன்று, வாஷிங்டன் டி.சி.க்கு ஒன்று, போர்ட்டோ ரிக்கோவுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இருக்கும். பல மாநிலங்களில் அருங்காட்சியகங்கள், அறிவியல் மையங்கள், தொழில் நிறுவனங்கள், அரசுத் துறைகளும் சேர்ந்திருக்கும். நாசாவின் பணம் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு வரும். அங்கிருந்து மற்ற உறுப்புகளுக்குப் பிரிந்து போகும். மாணவர் உதவித்தொகை, ஆய்வுக்கான தொடக்க நிதி, பயிற்சி வாய்ப்புகள், பள்ளி ஆசிரியர்களுக்கான நிகழ்ச்சிகள் எல்லாம் இந்த வழியில்தான் நடக்கின்றன.

இதில் யாரும் யாரோடும் கலந்துவிடுவதில்லை. பேராசிரியருக்குச் சம்பளம் அவருடைய பல்கலைக்கழகத்திலிருந்துதான். மாணவருக்குப் பட்டம் அவர் படிக்கிற கல்லூரியிலிருந்துதான்.

லூசியானாவின் அமைப்பான ‘லாஸ்பேஸ்’ நடத்திய ஒரு வேலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். லாஸ்பேஸின் பொறுப்பு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. அங்குள்ள குழு 2006இலிருந்து பல ஆண்டுகள் ‘ஹாஸ்ப்’ என்ற பலூன் மேடையைப் பறக்கவிட்டு வந்தது. நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரிலிருந்து ஹீலியம் பலூன் அதை ஏறத்தாழ 36 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும். அந்த மேடையில் 12 மாணவர் கருவிகளுக்கு இடம் இருந்தது. சிறிய இடம் என்றால் 3 கிலோ, பெரிய இடம் என்றால் 20 கிலோ வரை எடை இருக்கலாம். கருவிக்கு மின்சாரத்தையும் தரையோடு பேசுவதற்கான தரவு இணைப்பையும் மேடை தரும். மற்றதெல்லாம் அந்தந்த மாணவர் அணியின் பாடு. மற்ற மாநில மாணவர்களும் இடம் கேட்டு விண்ணப்பிக்கிறார்கள். ஒரு கருவி மேலே போய்க் குளிரில் உறைந்து நின்றுவிட்டால் அது அந்த அணியின் சிக்கல். நல்ல தரவு கிடைத்தால் அதுவும் அவர்களுடையதே. பொதுவாக இருப்பது மேடை, பயணம், அட்டவணை, பறக்கவிடும் செலவு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பரிந்துரைகளைப் பார்க்கலாம். முதலில் ‘கன்சார்ட்டியம்’. இழையில் ஒருவர் எழுதியது:

> ‘ஒன்றியம்’ ஏற்கெனவே வேரூன்றிய சொல். ஐரோப்பிய ஒன்றியம் என்கிறோமே.

வேரூன்றியதுதான். ஆனால் ஒன்றுவது என்றால் ஒன்றாகிப்போவது. உறுப்புகள் தங்கள் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பொது அமைப்பிடம் ஒப்படைத்த இடத்தில் அந்தச் சொல் பொருந்தும். இங்கே அப்படி எதையும் யாரும் ஒப்படைப்பதில்லை. ‘குழுமம்’ என்றால் ஒரே முதலாளியின் கீழுள்ள பல நிறுவனங்கள் என்ற பொருள் செய்தித்தாள்களில் நிலைத்துவிட்டது. ‘கூட்டணி’யைத் தேர்தலிடமிருந்து இனி மீட்க முடியாது. ‘கூட்டமைப்பு’ நான்கில் நல்லது. குழாம் வேண்டாம் என்று முடிவானால் என் வாக்கு அதற்குத்தான். அதன் குறை, சங்கங்களின் சங்கம் எதுவானாலும் அதே பெயரைச் சூட்டிக்கொள்வது. ‘ஃபெடரேஷன்’ என்பதற்கும் அதைத்தான் எழுதுகிறோம். ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் என்ன செய்வது?

குழாம் என்றால் திரள். அறிஞர் குழாம், இசைக் குழாம் என்று இன்றும் சொல்கிறோம். இலங்கைத் தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் அந்தச் சொல் நாள்தோறும் புழங்குகிறது: தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களின் தொகுதியைக் குழாம் என்றுதான் எழுதுகிறார்கள். நாட்டுக்காக ஆடும் வீரர் தன் கழகத்தை விட்டு விலகிவிடுவதில்லை. பல கழகங்களிலிருந்து வந்து ஒரு நோக்கத்துக்காகச் சேர்ந்து ஆடுகிறார்கள். நமக்கு வேண்டிய பொருள் இதுதான். ‘குழாம் ஆட்களுக்குத்தானே, நிறுவனங்களுக்குப் பொருந்துமா?’ என்று கேட்கலாம். ‘உறுப்பினர்’ என்ற சொல்லும் ஆட்களுக்கானதுதான், ஐ.நா. உறுப்பினர் நாடுகள் என்று அதை நீட்டிக்கொள்ளவில்லையா? குழாத்தின், குழாத்தில், குழாங்கள் என்று வேற்றுமையும் பன்மையும் தடங்கலின்றி வருகின்றன. இதற்கு முன் எனக்குத் தோன்றியது ‘கூட்டாயம்’. ஒரு எழுத்து மாறினால் ‘கட்டாயம்’ ஆகிவிடும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

அடுத்தது ‘கிராண்ட்’. இழையில் அதிகம் சூடேறியது இதில்தான், அதற்குக் காரணமும் உண்டு. இந்தப் பெயருக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம் நிலத்தைத்தான் கொடுத்தது: நாடாளுமன்றத்தில் மாநிலத்துக்கு உள்ள ஒவ்வோர் உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர் என்று கணக்கு. அந்த நிலத்தை விற்று வந்த பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகள் எழுந்தன. 1966இல் அதே அச்சில் கடல் ஆய்வுக்கு ஒரு திட்டம் வந்தது. யாருக்கும் கடலை எழுதிக்கொடுக்கவில்லை, பெயரில் ‘கிராண்ட்’ மட்டும் தொடர்ந்தது. விண்வெளித் திட்டம் அந்த வரிசையில் மூன்றாவது. ஆகவே நாம் எடுக்கிற சொல் மூன்றுக்கும் செல்ல வேண்டும்.

> ‘மானியம்’ என்பதே பழைய நாளில் வரியில்லா நிலத்தைக் குறித்த சொல். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

உண்மைதான் ஐயா. மானிய நிலம் என்ற வழக்கை நினைவூட்டியதற்கு நன்றி. 1862ஐ மட்டும் மொழிபெயர்ப்பதானால் மறுபேச்சின்றி அதையே எடுத்திருப்பேன். ஆனால் இன்றைய வாசகர் மானியம் என்றதும் விலைக்குறைப்பைத்தான் நினைப்பார். ‘விண்வெளி மானியம்’ என்றால் ராக்கெட் செலவில் அரசு ஒரு பங்கைத் தள்ளுபடி செய்வதுபோல ஒலிக்கும். ‘கொடை’ கொடுப்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது. இங்கேயோ விண்ணப்பம், மதிப்பீடு, கணக்கு, அறிக்கை எல்லாம் உண்டு. ‘நல்கை’ பல்கலைக்கழக வட்டாரத்தில் ஆய்வு நல்கை என்று ஏற்கெனவே புழங்குகிறது. நிலநல்கை, கடல்நல்கை, விண்வெளி நல்கை என்று மூன்றும் ஒரே குடும்பமாகவும் நிற்கும்.

‘விண்நல்கை’ என்று சுருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். கண்ணீர்போல அது விண்ணல்கை என்று புணரும். அப்புறம் சொல்லின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரியாது. இரண்டெழுத்து மிச்சப்படுத்த அது வேண்டாம் என்பது என் கருத்து.

பெயரில் வானூர்தியியல் (விமான அறிவியல்) எங்கே போயிற்று என்று இழையில் எழுந்த கேள்வி நியாயமானது. நாசாவின் முழுப்பெயரில் வானூர்தியியல்தான் விண்வெளிக்கு முன்னால் நிற்கிறது; நம் ஊடகங்கள்தான் அதை விட்டுவிட்டு எழுதுகின்றன. இந்தக் குழாங்களின் மாணவர் திட்டங்களில் ஆளில்லா விமானங்களும் காற்றியக்க ஆய்வும் வருகின்றன. ஆனால் மூலப்பெயரில் இல்லாததைத் தமிழ்ப் பெயரில் சேர்க்கக் கூடாது. விளக்கத்தின் முதல் வரியில் ‘விண்வெளி, வானூர்தியியல் ஆய்வுக்கும் கல்விக்கும்’ என்று எழுதிவிட்டால் போதும்.

இன்னொரு வகை அமைப்பையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விண்வெளி ஆய்வுக்காக 1969இல் தொடங்கிய யு.எஸ்.ஆர்.ஏ., வானியலுக்காக 1957இல் தொடங்கிய ஆரா ஆகியவையும் பல்கலைக்கழகங்கள் கூடி அமைத்தவைதான். ஆனால் அவை தனிச் சட்ட உருவம் கொண்டவை; தாங்களே ஆய்வு நிலையங்களை நடத்துபவை. ஹப்பிள் தொலைநோக்கியின் அறிவியல் பணிகளைக் கவனிக்கும் பால்டிமோர் நிறுவனம் ஆராவின் பொறுப்பில் இருக்கிறது. போயிங் 747 விமானத்தில் 2.7 மீட்டர் தொலைநோக்கியைப் பொருத்திய சோஃபியாவின் அறிவியல் பணிகளை, அது 2022இல் பறப்பதை நிறுத்தும்வரை, நாசாவுக்காக யு.எஸ்.ஆர்.ஏ. நடத்தியது. இரண்டின் பெயரிலும் ‘அசோசியேஷன்’ இருப்பதால் ‘சங்கம்’ என்றே எழுதலாம். புனேயில் உள்ள வானியல் ஆய்வு மையமான ஐயூகா இன்னொரு வடிவம். பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான ஒரே மையம். அதைக் குழாம் என்று சொல்ல முடியாது.

குழாத்தில் சேர்ந்திருக்கும் நிறுவனத்தைக் குறிக்கும் ‘அஃபிலியேட்’ என்பதை ‘இணைவுக் கல்லூரி’ என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி எழுதினால், பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்துக்கும் தேர்வுக்கும் கட்டுப்பட்ட கல்லூரி என்றுதான் நம் மாணவர்கள் புரிந்துகொள்வார்கள். ‘உறுப்பு நிறுவனம்’ போதும். கணக்கை வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தை ‘தலைமை நிறுவனம்’ என்பதைவிட ‘பொறுப்பு நிறுவனம்’ என்றால் வேலைக்கு நெருக்கமாக இருக்கும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “2017 ஆகஸ்ட் 21 முழுச் சூரிய கிரகணத்தின்போது, மொன்டானா விண்வெளி நல்கைக் குழாத்தின் முன்முயற்சியில், பல மாநிலங்களின் மாணவர் அணிகள் பலூன்களிலிருந்து நேரலைப் படங்களை அனுப்பின.” எனக்குத் தடங்கலின்றி ஓடுகிறது. உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. திட்டத்தின் முழுப்பெயரில் ‘ஃபெலோஷிப்’பும் வருகிறது. ‘ஆய்வு உதவித்தொகை’ என்றால் பணம் வந்துவிடுகிறது, அதோடு வருகிற தகுதிநிலை வருவதில்லை. ‘ஆய்வுநர்’ என்று வைத்து அதிலிருந்து ‘ஆய்வுநர் நல்கை’ என்று போகலாமா? பல்கலைக்கழக அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் யாராவது, உங்கள் கடிதங்களில் இதை எப்படி எழுதுகிறீர்கள் என்று சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.