'இக்னிஷன் டிலே': பற்றுநேரம் எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். டீசல் என்ஜினில் எரிபொருள் பற்றுமுன் கழியும் நேரத்தைக் குறிக்கும் 'இக்னிஷன் டிலே' (ignition delay) என்ற கலைச்சொல்லுக்குத் தமிழில் 'எரிதாமதம்', 'தகனத் தாமதம்' என்று இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. வேதிப் பொறியாளனான எனக்கு 25 ஆண்டுகளாகத் தாவர எண்ணெய் எரிபொருள்களோடுதான் வேலை. புங்க எண்ணெய் எஸ்டரை டீசல் என்ஜினில் எரித்து எழுதிய என் ஆய்வேட்டில் இந்தச் சொல் வராத அத்தியாயம் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருள். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்றை அமுக்கிச் சூடாக்கி, அதில் எரிபொருளைப் பீய்ச்சுகிறோம். பீய்ச்சியதும் அது எரிந்துவிடாது. துளிகளாகச் சிதற வேண்டும், ஆவியாக வேண்டும், காற்றோடு கலக்க வேண்டும்; அப்புறம் சுடர் தெரியாத சில வேதிவினைகளும் நடந்தாக வேண்டும். பிறகே பற்றும். பீய்ச்சத் தொடங்கியதிலிருந்து பற்றும்வரை ஆகும் அந்த நேரத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம். ஒன்றிரண்டு மில்லிநொடிதான். ஆனால் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் என்ஜினில் ஒரு மில்லிநொடிக்குள் அச்சு 9 பாகை திரும்பிவிடும். நேரம் நீண்டால் எரிபொருள் உள்ளே சேர்ந்துகொண்டே போய், மொத்தமாக ஒரே வீச்சில் எரியும். டீசல் என்ஜினின் 'டக டக' தட்டல் அதனால் வருவதுதான்.

ஆக, இது பற்றுவதைக் குறிக்கும் சொல்லாக இருக்க வேண்டும். அடுப்பு மூட்டிய எவருக்கும் வேறுபாடு தெரியும். 'விறகு இன்னும் பற்றவில்லை' என்பது ஒரு குறை, 'விறகு நின்று எரியவில்லை' என்பது வேறொரு குறை. பச்சை விறகு ஈரம் போகும்வரை பற்றாது. துளி ஆவியாகும்வரை இங்கே காத்திருப்பதும் அதே கதைதான். தகனம் இலங்கைப் பாடநூல்களில் நிலைத்துவிட்ட நல்ல சொல். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அது குறிப்பது எரிதலை.

அடுத்து, 'தாமதம்'. எனக்கு உண்மையிலேயே உறுத்துவது இதுதான். வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால்தான் தாமதம். எரிபொருளுக்கு அப்படிக் குறித்துவைத்த நேரம் ஏது? இந்த இடைவெளி அதன் இயல்பு. சோறு வேக 20 நிமிடம் ஆகும் என்கிறோம். அதை 'வேகும் தாமதம்' என்று யாரும் சொல்வதில்லை. எனவே 'பற்றுநேரம்' என்பது என் பரிந்துரை. ஊறுகாய் போல வினைத்தொகை. சிறியது, வாயில் தடங்காது.

பற்று என்றதும் கணக்கு வழக்கின் பற்று வரவு நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். என்ஜினைப் பற்றிப் படிப்பவர் அங்கே குழம்ப மாட்டார். நேரம் என்பது கணத்தையும் குறிக்குமே என்ற கேள்வி இன்னும் வலுவானது. ஊசல் ஒருமுறை ஆடி முடிக்கும் கால அளவை 'அலைவுநேரம்' என்று பள்ளியில் படித்தோம், அங்கே குழப்பம் வரவில்லை. பற்றும் கணத்தைத் தனியாகச் சுட்ட வேண்டிய இடத்தில் 'பற்றுகணம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். "டீசல் எவ்வளவு எளிதில் பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் என்ற அளவைக் காணும்போது என்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடும், பற்றுநேரம் அச்சு 13 பாகை திரும்பும் அளவாக அமையும்வரை அமுக்க விகிதத்தை (உருளைக்குள் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை) மாற்றுவார்கள்." "எத்தனாலின் பற்றுநேரம் நீளம் என்பதால், ஸ்டாக்ஹோமில் எத்தனாலில் ஓடிய ஸ்கேனியா பேருந்துகளில் அமுக்க விகிதத்தை 28 வரை உயர்த்தி, எரிபொருளில் பற்றூக்கியும் சேர்த்தார்கள்."

பற்றூக்கி என்பது எழுதும்போதே தானாக வந்தது. 'இக்னிஷன் இம்ப்ரூவர்' என்பதற்கு இதுவரை நான் எழுதிவந்த 'எரிபற்றல் மேம்படுத்தி'யைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு சொற்களையும் பற்றி, குறிப்பாக இலங்கை நண்பர்கள், எழுதுங்கள்.