உதவி: போஸ்ட்டாக் தேடுகிறேன், ஒருவரும் பதில் போடுவதில்லை

உவர்மலைக்காரி:
வணக்கம். பிஎச்டி முடிந்து இப்போது திருகோணமலையில் வீட்டில் இருக்கிறேன். துறை இமேஜிங். போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை, கேட்டுப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. வேறு எங்கே தேடலாம்? அவசரம்.

நிலாவெளித்தம்பி:
அக்கா, எந்த இமேஜிங்? எம்.ஆர்.ஐ.யா, மைக்ரோஸ்கோப்பா, சட்டலைட் படமா? பிஎச்டி எங்கே செய்தீர்கள்? என்ன எழுதி அனுப்புகிறீர்கள்?

கடல்முகம்:
எல்லாம் சிபாரிசுதான். நம்முடைய பாஸ்போர்ட் என்றால் திறந்தும் பார்க்க மாட்டார்கள்.

மூத்த உறுப்பினர்:
கலாநிதிக்கே தேடச் சொல்லிக்கொடுக்க வேண்டிய காலம். யூராக்சஸ், ஜொப்ஸ் ஏசி யூகே என்ற ஆய்வு வேலை விளம்பரத் தளங்கள் இரண்டையும் தினமும் பாருங்கோ. இதைப் பலமுறை எழுதியாயிற்று.

உப்புவெளி அக்கா:
பாஸ்போர்ட் கதையை விடுங்கள். ஐரோப்பாவின் மேரி கியூரி போஸ்ட்டாக் உதவித்தொகைக்கு எந்த நாட்டவரும் போடலாம். போகப்போகும் நாட்டில் கடைசி 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது, அதுதான் பெரிய நிபந்தனை. விண்ணப்ப முடிவு நாள் பெரும்பாலும் செப்டெம்பரில் வரும். ஆனால் ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர் முதலில் வேண்டும், திட்டத்தை அவரோடு சேர்ந்துதான் எழுத வேண்டும். தங்கச்சி, வைவா (பிஎச்டி வாய்மொழித் தேர்வு) முடிந்ததா?

உவர்மலைக்காரி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். மலேசியாவில் செய்தேன். முழங்கால் எம்.ஆர்.ஐ. படத்தில் குருத்தெலும்பைக் கணினியால் பிரித்தெடுக்கும் வேலை, எல்லாம் மட்லாப் என்ற கணிப்பு மென்பொருளில். வைவா முடிந்தது, பட்டமளிப்புத்தான் இன்னும் நடக்கவில்லை.

உப்புவெளி அக்கா:
வைவாவில் தேறிவிட்டால் மேரி கியூரிக்குப் போதும். பல்கலைக்கழகத்திடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிலாவெளித்தம்பி:
மட்லாப் மட்டுமா? அங்கேதான் சிக்கல். இப்போது விளம்பரங்களில் பைதன் மொழியும், அதில் டீப் லேர்னிங் செய்ய உதவும் பைடோர்ச்சும் கேட்கிறார்கள்.

மூத்த உறுப்பினர்:
மட்லாப்பில் ஒரு தலைமுறையே ஆராய்ச்சி செய்தது தம்பி. கணக்குத் தெரிந்தவனுக்கு மொழி ஒரு பொருட்டில்லை.

நிலாவெளித்தம்பி:
லைசென்சுக்கு யார் காசு கட்டுவது அண்ணா? வளாகத்தை விட்டு வெளியே வந்தால் நாம் எழுதிய நிரலையே ஓட்ட முடியாது.

மூத்த உறுப்பினர்:
மட்லாப் போலவே ஒக்டேவ் என்று ஒன்று இலவசமாக இருக்கிறது. கேள்விப்படவில்லையோ?

நிலாவெளித்தம்பி:
இருக்கிறது. அதில் டீப் லேர்னிங் ஓட்டிக் காட்டுங்களேன் பார்ப்போம்.

உப்புவெளி அக்கா:
இரண்டு பேரும் வெளியே போய்ச் சண்டை போடுங்கள். தங்கச்சி, ஒஸ்டியோஆர்த்ரைட்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற மூட்டுத் தேய்மான ஆய்வில் 4,796 பேரின் முழங்கால் தரவு இருக்கிறது, பதிவு செய்தால் ஆய்வுக்குத் தருவார்கள். உங்கள் முறையைப் பைதனில் எழுதி அதில் ஓட்டி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடுங்கள். மின்னஞ்சலை 'மதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்கி எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். அவருடைய எந்தக் கட்டுரையில் உங்கள் வேலை பொருந்தும் என்று இரண்டு வரி, கிட்ஹப் இணைப்பு, சீ.வீ. போதும். எம்.ஆர்.ஐ.காரர்களின் சங்கமான ஐஎஸ்எம்ஆர்எம் பக்கத்திலும் வேலை விளம்பரம் வரும்.

கடல்முகம்:
அப்படியே போட்டாலும் சிபாரிசுதான்.

உவர்மலைக்காரி:
ஜேர்மனியில் ஒருவர் பதில் போட்டிருக்கிறார்! ஸூமில் பேசலாமாம், அவருடைய நேரம் பிற்பகல் 2 மணி. நமக்கு எத்தனை மணி?

நிலாவெளித்தம்பி:
அங்கே கோடை நேரம் நடந்தால் மாலை 5.30, இல்லாவிட்டால் 6.30. திகதியைச் சொல்லுங்கள் அக்கா.

மூத்த உறுப்பினர்:
மட்லாப் பற்றிக் கேட்டால் மறைக்க வேண்டாம்.