புதுப்பிப்பு: 0.79 கிகாஹெர்ட்ஸில் சிக்கிய லேப்டாப், காரணம் சூடு இல்லை

முந்தைய கேள்வி இதுதான்: சார்ஜர் செருகியதும் வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்பின் சிபியு 0.79 கிகாஹெர்ட்ஸிலேயே நிற்கிறது, பேட்டரியும் ஏறவில்லை. சிபியுவின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியது வீண்வேலை. வெப்பம் 50 டிகிரியைத் தாண்டவே இல்லை.

பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) அடாப்டர் வகை ‘தெரியவில்லை’ என்று காட்டியதுதான் துப்பு. இந்த 240 வாட் அடாப்டரின் உருளை முனைக்குள் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கிறது. லேப்டாப்பை ஓட்டும் மின்சாரம் அதில் வராது. ‘நான் இத்தனை வாட்’ என்று மதர்போர்டுக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அந்தத் தகவல் போய்ச் சேராவிட்டால் போர்டு சிபியுவை அடக்கிவைக்கும். மல்ட்டிமீட்டரில் 19.5 வோல்ட் ஒழுங்காக வந்ததால்தான் இவ்வளவு குழப்பம்.

வேறு அடாப்டரிலும் அதே கதை. அப்படியானால் கோளாறு லேப்டாப்பில் சார்ஜர் செருகும் ஜாக்கில்தான். அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால், அந்தப் பின்னின் தகவலைக் கொண்டுபோகும், மற்றதைவிட மெல்லிய நடு ஒயர் ஜாக்கை ஒட்டி அறுந்து, உறைக்குள் ஒளிந்திருந்தது. கேபிளோடு வரும் ஜாக்கையே மாற்றியாயிற்று (முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிவிடுங்கள்). இப்போது பயாஸ் 240 வாட் என்கிறது, சிபியு டர்போ எனும் உச்ச வேகத்தையும் எட்டுகிறது.

த்ராட்டில்ஸ்டாப் என்ற சிபியு வேகக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ‘பிடி ப்ராக்ஹாட்’ (வேகத்தைக் குறைக்கச் சொல்லி சிபியுவுக்கு வெளியிலிருந்து வரும் சிக்னல்) டிக்கை எடுத்தால் போதும் என்று சிலர் சொன்னார்கள். வேகம் வரும்; பேட்டரி அப்போதும் ஏறாது. நிஜமாகவே வாட் குறைந்த அடாப்டராக இருந்தால் அதை வறுத்துவிடவும் கூடும்.