ஏற்காட்டில் மாதிரி செனட்: 2007 ஈராக் கூடுதல் படை விவாதத்தை எப்படி அமைப்பது?

மலைப்பள்ளி_ஆசிரியை:
பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள் 32 பேரை வைத்து மாதிரி அவை நடத்தப்போகிறோம். 2007இல் புஷ் ஈராக்குக்குக் கூடுதல் படை அனுப்பியபோது அமெரிக்க அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் என்ன சொன்னார்கள் என்பதுதான் தலைப்பு. நாகலூர், வாழவந்திப் பிள்ளைகள் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் இரண்டு மணி நேரம்தான் கையில் இருக்கிறது. பட்டிமன்றம் போல "சரியா, தவறா" என்று இரண்டு அணி பிரித்தால் போதுமா? அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 56–34 வாக்கு வாங்கியும் எதிர்ப்புத் தீர்மானம் ஏன் தோற்றது? பத்திரிகை வேலைக்கு என்ன கொடுப்பது?

அஸ்தம்பட்டி_வாசகர்:
இரண்டு அணி வேண்டாங்க மேடம். கட்சிக்கு ஒரு நிலைப்பாடு என்று பிரித்தால் விஷயமே போய்விடும். குடியரசுக் கட்சியின் சக் ஹேகல், வியட்நாமுக்குப் பிறகு இதுதான் மிக ஆபத்தான வெளியுறவுத் தவறு என்று சொந்தக் கட்சி அதிபரையே சாடினார். ஜனநாயகக் கட்சியோடு அமர்ந்திருந்த சுயேச்சை ஜோ லீபர்மேனோ புஷ்ஷை ஆதரித்தார்.

32 பேரில் 20 பேர் செனட்டர்கள், 8 பேர் பத்திரிகை, ஒருவர் அவைத்தலைவர், ஒருவர் வெள்ளை மாளிகைப் பேச்சாளர், இருவர் நேரம் பார்க்கவும் வாக்கு எண்ணவும். செனட்டர்களைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஜனநாயகப் பக்கத்தில் ஒருவர் லீபர்மேன் போல மாறி வாக்களிக்க வேண்டும். குடியரசுப் பக்கத்தில் இருவர் ஹேகல் போல எதிர்ப்பாளர்களோடு சேர வேண்டும். மீதி எட்டில் இருவரை வாக்கெடுப்புக்கு முன்பே வெளியே அனுப்பிவிடுங்கள்.

இப்போது எண்ணினால் 11–7 வரும். ஆனால் தேவை 12. உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். 2007 பிப்ரவரி 17 அன்று நடந்தது தீர்மானத்தின் மீதான வாக்கெடுப்பே இல்லை. அதை விவாதத்துக்கு எடுக்கலாமா என்பதற்கான வாக்கெடுப்பு. அதற்கு மொத்தச் செனட்டர்களில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 60 பேர் வேண்டும். வந்திருப்பவர்களில் 60 சதவீதம் என்ற கணக்கு செல்லாது. அன்று பத்துப் பேர் வரவில்லை, ஜான் மெக்கெய்னும் அதில் ஒருவர். வராதவர் எதிர்த்து வாக்களித்தவருக்குச் சமம் என்பதை, வெளியே போன இரண்டு பிள்ளைகளைக் காட்டியே புரியவைத்துவிடலாம்.

முந்தின நாள் கீழவையான பிரதிநிதிகள் சபையில் அந்தத் தடை கிடையாது. 246–182 என்று நிறைவேறியது, குடியரசுக் கட்சியினர் 17 பேர் சேர்ந்து வாக்களித்தார்கள். இருந்தும் அது அதிபரைக் கட்டுப்படுத்தாத தீர்மானம். படை போய்க்கொண்டேதான் இருந்தது.

பழைய_பேப்பர்:
பத்திரிகை எட்டுப் பேருக்கும் தேதி போட்ட உறைகளில் செய்திகளைக் கொடுங்கள். ஒரே விதி: கையில் இருக்கும் தேதிக்குப் பிறகு நடந்தது எதுவும் எழுதக் கூடாது. இதை விட்டால் ஜனவரித் தலையங்கத்தில் டிசம்பர் முடிவு வந்து நிற்கும்.

உறை ஒன்று, ஜனவரி 11: முந்தின இரவு புஷ் பேச்சு. 20,000க்கும் மேற்பட்ட வீரர்கள், ஐந்து படைப்பிரிவுகள் பாக்தாத் பக்கம், 4,000 மரைன்கள் அன்பர் மாகாணத்துக்கு. தவறு நடந்திருந்தால் பொறுப்பு தன்னுடையது என்றும் சொன்னார். ஜனநாயகக் கட்சி சார்பில் பதில் சொன்னவர் டிக் டர்பின்: உள்நாட்டுப் போரை நிறுத்த 20,000 பேர் போதாது, உயிரைப் பணயம் வைக்கவோ அது மிக அதிகம். கருத்துக்கணிப்பில் பத்தில் ஆறு பேர் எதிர்ப்பு.

உறை இரண்டு, ஜூலை–ஆகஸ்ட்: இதை நன்றாகக் கொடுங்கள், மற்றதெல்லாம் இதற்கு அடுத்துதான். ஜூலை 8 அன்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் படையைத் திரும்பக் கூப்பிடச் சொல்கிறது. ஜூலை 30 அன்று அதே பத்திரிகையின் கருத்துப் பக்கத்தில் ஓ'ஹான்லன், போலாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஈராக்கில் முன்னேற்றம் தெரிகிறது என்று எழுதுகிறார்கள். ஆகஸ்ட் 19 அன்று அதே பக்கத்தில், அங்கே பணியில் இருந்த ஏழு வீரர்கள் அதை மறுத்து எழுதுகிறார்கள். தலையங்கம் பத்திரிகையின் குரல், கட்டுரை எழுதியவரின் குரல். பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொண்டு "டைம்ஸ் பல்டி அடித்தது" என்றுதான் எழுதுவார்கள். எழுதட்டும், பிறகு திருத்துங்கள்.

உறை மூன்று, செப்டம்பர் 10: ஈராக்கில் அமெரிக்கத் தரப்புப் படைத்தலைவரான ஜெனரல் பெட்ரேயஸ் சாட்சியம் சொல்ல வரும் அன்றே, அவர் பெயரைத் துரோகத்தோடு எதுகையாக்கிக் கேலி செய்து மூவ்ஆன் என்ற போர் எதிர்ப்பு அமைப்பு டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. கட்டிய தொகை 64,575 டாலர். தேதி உறுதியான விளம்பரத்துக்கு 142,083 டாலர் வாங்கியிருக்க வேண்டும் என்று அந்தப் பத்திரிகையின் வாசகர் பிரதிநிதியே பிறகு எழுதினார். செனட் 72–25 என்று விளம்பரத்தைக் கண்டித்தது. போரைப் பற்றிய வாதம் விளம்பரக் கட்டணத்தைப் பற்றிய வாதமாகச் சுருங்கிப்போனது, போரை எதிர்த்தவர்களுக்குச் செம அடி.

செவ்வாய்ப்பேட்டை:
மூன்று உறையும் இரண்டு மணி நேரத்தில் நடக்காது. மூன்றாவதை வீட்டு வேலையாகக் கொடுங்கள். மிச்சமாகும் நேரத்தில் பணத்தைப் பற்றிப் பேச வையுங்கள், நிஜச் சண்டை அங்கேதான். படையைத் திரும்பப் பெறத் தேதி குறித்த நிதி மசோதாவை மே 1 அன்று புஷ் வீட்டோ செய்தார், அதாவது ஒப்புதல் தர மறுத்தார். அதை மீற வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பிரதிநிதிகள் சபையில் கிடைத்தது 222–203, போதவில்லை. அதே மாதம் தேதி எதுவும் இல்லாத மசோதா அந்தச் சபையில் 280–142, செனட்டில் 80–14 என்று நிறைவேறிவிட்டது. ஒபாமாவும் ஹிலாரியும் எதிர்த்து வாக்களித்தவர்களில் சேர்த்தி.

எண்ணிக்கையிலும் கவனம். புஷ் சொன்ன 20,000 சொச்சத்தின் சரியான கணக்கான 21,500 என்பது போர்ப்பிரிவுகள் மட்டும். உதவிப் படையையும் கூட்டினால் 35,000 முதல் 48,000 வரை போகும் என்று காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) வரவுசெலவு அலுவலகம் பிப்ரவரியில் கணித்தது. கடைசியில் கூடியது 30,000 அளவில். எந்தப் பத்திரிகை எந்த எண்ணைத் தலைப்பில் போட்டது என்பதே அதன் சாய்வைக் காட்டும்.

மலைப்பள்ளி_ஆசிரியை:
நன்றிங்க. "வன்முறை குறைந்ததே, அப்போ புஷ் ஜெயித்தாரா?" என்று யாராவது கேட்டால்? இந்தியாவின் நிலையையும் சேர்க்கலாமா?

அஸ்தம்பட்டி_வாசகர்:
இந்தியா வேண்டாம். ஈராக்குக்குப் படை அனுப்புவதில்லை என்று வாஜ்பாய் அரசு 2003 ஜூலையிலேயே முடிவெடுத்துவிட்டது, அது வேறு விவாதம்.

முதல் கேள்விக்குத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அன்பர் பழங்குடியினர் அல்-கொய்தாவுக்கு எதிராகத் திரும்பியது 2006 செப்டம்பரில், கூடுதல் படை வருவதற்கு முன்பே. ஆயுதக் குழு வைத்திருந்த ஷியா மதத்தலைவர் முக்தாதா அல்-சதர் தன் ஆட்களுக்குச் சண்டைநிறுத்தம் அறிவித்தது 2007 ஆகஸ்ட் இறுதியில். படையும் கூடியது. எது எவ்வளவு என்று அறிஞர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். அமெரிக்க வீரர்கள் அதிகம் இறந்த ஆண்டும் 2007தான், 900 பேர் அளவில்.

அதற்குப் பதில் இரண்டு மாணவர்களிடம் ஈராக் அரசுக்கு விதித்த 18 இலக்குகளைக் கொடுங்கள். ஜூலையில் வெள்ளை மாளிகை எட்டில் திருப்தி, எட்டில் இல்லை, இரண்டு கலவை என்றது. செப்டம்பரில் காங்கிரஸின் தணிக்கை அமைப்பு மூன்று நிறைவேறியது, நான்கு பாதி, பதினொன்று இல்லை என்றது. முதலாவது முன்னேற்றம் போதுமா என்று அளந்தது, இரண்டாவது வேலை முடிந்ததா என்று அளந்தது. பத்து நிமிடம் போதும், பஸ்ஸுக்கு முன்னால் முடிந்துவிடும்.