பாலர் பராமரிப்பு நிலையத்தில் கீரிப்பூச்சி: மருந்து கொடுத்தும் திரும்ப வருகிறது

வணக்கம். கோலாலம்பூர், செந்தூல் அடுக்குமாடி ஒன்றில் இயங்கும் பாலர் பராமரிப்பு நிலையம். 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள். இரவில் ஆசனவாயில் அரிப்பு, தூக்கமில்லை, பெண் பிள்ளைகள் சிலருக்கு முன்பக்கமும் எரிச்சல். மருந்து கொடுத்தால் அடங்குகிறது; ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடியும் வருகிறது.

மலப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. பெண்புழு இரவில் வெளியே வந்து தோலில் முட்டையிடுவதால் மலத்தில் அவ்வளவாக அகப்படாது. காலையில் எழுந்ததும், கழுவும் முன், செலோடேப்பை ஆசனவாயைச் சுற்றி ஒற்றியெடுத்து கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கிளினிக்கில் கொடுத்தோம். ஒரு பக்கம் தட்டையான முட்டைகள் தெளிவாகத் தெரிந்தன.

டாக்டர் சொன்னபடி அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு வேளை, 2 வாரம் கழித்து இன்னொரு வேளை. முதல் வேளை புழுவைக் கொல்லும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதனால் இரண்டாவதைத் தவறவிடவே கூடாது. நகம் ஒட்ட வெட்டியாயிற்று. கை கழுவ சோப்பும் தண்ணீரும்தான், ஜெல் இந்த முட்டையைக் கொல்லாது. விரிப்புகளை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவைக்கிறோம்.

இடறுவது வீடுகளில்தான். ஒரு குடும்பம் இந்த வாரம் மருந்து சாப்பிடுகிறது, அடுத்தது அடுத்த மாதம். முட்டை 2, 3 வாரம் தாங்கும் என்பதால் பிள்ளைகள் மாறி மாறித் தொற்றிக்கொள்கிறார்கள். “எங்களுக்கு அரிப்பே இல்லையே” என்று பெரியவர்கள் மறுக்கிறார்கள். கர்ப்பிணிகளும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் டாக்டரைத் தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லாக் குடும்பங்களையும் ஒரே நாளில் மருந்து சாப்பிட வைத்தவர்கள், அதை எப்படி ஏற்பாடு செய்தீர்கள்?