மேற்கோள் பட்டியலை நெடுவரிசைகளில் அமைக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். விக்கிப்பீடியாவில் நான் விரிவாக்கி வரும் கட்டுரை ஒன்றில் மேற்கோள்கள் 64 ஆகிவிட்டன. மேற்கோள் பட்டியலைக் காட்டும் ரெஃபரன்சஸ் குறிச்சொல்லில் ரெஸ்பான்சிவ் பண்பை இட்டால், மேற்கோள்கள் பத்தைத் தாண்டியதும் மென்பொருளே திரையின் அகலத்திற்கேற்ப அவற்றை நெடுவரிசைகளாகப் பிரித்துவிடுகிறது என்பதால் அந்தப் பகுதியில் குறையில்லை.

என்னை வாட்டுவது அதன் கீழுள்ள நூற்பட்டியல்தான். முன்பு யாரோ அதற்கு நெடுவரிசை எண்ணிக்கை 3 என்று நிலையாக வகுத்திருக்கிறார்கள். கணினியில் அழகாகத் தெரியும் அப்பட்டியல், கைப்பேசியில் வரிக்கு ஒரு சொல்லாக ஒடுங்கி, 'பல்கலைக்கழகத்தினுடைய' போன்ற நீண்ட சொற்கள் பக்கத்து நெடுவரிசையின் மீது ஏறி நிற்கின்றன. பெரும்பாலோர் கைப்பேசியில் படிக்கும் காலத்தில் இதை அப்படியே விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை.

எண்ணிக்கையை நீக்கி, நெடுவரிசையின் அகலத்தை 30 எம் (எழுத்தின் அளவைப் பொறுத்த நீள அலகு) என வரையறுத்துப் பார்த்ததில் கைப்பேசியில் ஒரே நெடுவரிசையாக ஒழுங்காக வந்தது. ஆனால் கணினியில் ஒரு நூலின் ஆசிரியர் பெயர் ஒரு நெடுவரிசையின் அடியிலும் தலைப்பு அடுத்ததன் உச்சியிலுமாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு பதிவும் உடையாமல் இருக்க 'பிரேக்-இன்சைட்' பண்பைக் கட்டுரைக்குள்ளேயே ஒவ்வொரு வரிக்கும் எழுதுவதா, இப்பட்டியலை அமைக்கும் வார்ப்புருவின் (பல கட்டுரைகளில் பயன்படும் பொது அச்சின்) பாணித்தாளில், அதாவது தோற்ற விதிகள் உள்ள பக்கத்தில், ஒரே இடத்தில் சேர்ப்பதா? பின்னது முறையானது என்றே கருதுகிறேன். எனினும் அவ்வார்ப்புருவைப் பயன்படுத்தும் பிற கட்டுரைகள் குலைந்துவிடக் கூடாது.

தமிழ் நூல்விவரங்களுக்கு 30 எம் அகலம் போதுமா என்பதையும், பக்க எண் மட்டுமுள்ள குறுங்குறிப்புகளை 20 எம் அகலத்தில் தனிப்பட்டியலாக்குவது நல்லதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். மாற்றங்களை என் மணல்தொட்டியில் சோதித்த பிறகே கட்டுரையில் சேமிப்பேன்.