புதுப்பிப்பு: தஞ்சாவூரா, கும்பகோணமா? தங்கிவிட்டு வந்தாச்சு

அப்பா அம்மாவோடு டெல்டா பக்கம் போகிறோம், தஞ்சாவூரில் தங்குவதா கும்பகோணத்திலா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கும்பகோணத்திலேயே தங்கினோம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நானும் இனி அதையே சொல்வேன். தாராசுரமும் சுவாமிமலையும் ஆட்டோ தூரம்தான். மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் அறைக்கு வந்து படுத்துவிடலாம்.

தாராசுரத்துக்குக் காலையிலேயே போங்கள். அங்கே இருக்கும் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் அளவில் அசத்தும், இங்கே நுணுக்கம். ஒரு சிற்பத்தில் ஒரே தலையை ஒரு பக்கம் மறைத்தால் யானை, மறுபக்கம் மறைத்தால் காளை! அறுபத்து மூவர் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் சுவரில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அம்மா ஒவ்வொன்றாக நின்று அப்பாவுக்குக் கதை சொன்னார். அவசரப்படுத்தாதீர்கள், அரைநாள் தாராளமாகக் கொடுங்கள்.

சாப்பாட்டில் இட்லிக்குக் கடப்பா கட்டாயம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய், சோம்பு மணத்தோடு வரும். அப்புறம் டிகிரி காபி, சொல்லவே வேண்டாம்.

தஞ்சாவூர் சுமார் 40 கிலோமீட்டர். பெரிய கோயிலுக்குச் சாயங்காலம் போவது நல்லது, மதிய வெயிலில் கல் தரை காலைச் சுட்டுவிடும். சரஸ்வதி மகால் நூலகம் அரண்மனை வளாகத்திலேயே இருக்கிறது.

தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்த நாளில் கும்பகோணத்தில் அறை கிடைப்பது கஷ்டம்.